நேமி ஏரிக்கரையில் ஒரு நவம்பர்

பேருந்திலிருந்து இறங்கி எட்டிப் பார்த்தால் ஏரியைக் காணோம். கிண்ணம் நிறையப் பாலை ஊற்றி வைத்ததுபோல் கீழே வெறும் பனிமூட்டம். கிண்ணத்தின் விளிம்பில் நான் நிற்கிறேன். எதிர் விளிம்பில் ஜென்சானோ ஊரின் வீடுகள் வெயில் பட்டு மஞ்சளாகத் தெரிகின்றன. நடுவில் இருக்க வேண்டிய தண்ணீர் மட்டும் இல்லை. பத்தரை மணி வரை அப்படித்தான் இருந்தது. அதுவரை ஊருக்குள் ஒரு சின்னக் கடையில் காப்பி குடித்துவிட்டு, மறுபடி மறுபடி வெளியே வந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரோமில் வேலை பார்த்த மூன்று வருடங்களில் இந்த நேமி ஏரிக்கு நான்கு முறை போயிருக்கிறேன். ரோமிலிருந்து தெற்கே சுமார் 30 கிலோமீட்டர். மெட்ரோவின் கடைசி நிறுத்தமான அனாஞினாவில் இறங்கி, நீல நிற வெளியூர்ப் பேருந்தைப் பிடித்தால் மலையேறிவிடலாம். ஜூன் மாதத்தில் போனால் ஊரே காட்டு ஸ்ட்ராபெரித் திருவிழாவில் இருக்கும், கால் வைக்க இடம் இருக்காது. நவம்பரில் ஆளே இல்லை. ஏரியை முழுசாக ஒரு சுற்று நடந்தது அந்த நவம்பரில்தான். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் பெயர். பழந்தமிழில் நேமி என்றால் சக்கரம், வட்டம். திருமாலின் கையில் இருப்பதும் நேமிதான். மலை உச்சியிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய வட்டமாகத் தெரியும் ஒரு ஏரிக்கு இந்தப் பெயரா என்று முதல் தடவை எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஆனால் இது வெறும் ஒலி ஒற்றுமை. லத்தீனில் 'நெமுஸ்' என்றால் தோப்பு, அதுவும் தெய்வத்துக்கு விடப்பட்ட காடு. அதிலிருந்து வந்ததுதான் நேமி. காரணம் தெரிந்த பிறகும், அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சொந்த ஊர்ப் பெயரைச் சொல்வதுபோலத்தான் இருக்கிறது.

இது எரிமலை தோண்டிய பள்ளம். இந்த ஏரி இருக்கும் அல்பான் குன்றுகள் முழுவதுமே ஒரு பழைய எரிமலைத் தொகுதி. கீழிருந்து ஏறிவந்த பாறைக்குழம்பு நிலத்தடி நீரைத் தொட்டதும், நீர் ஒரே நொடியில் ஆவியாகி வெடிக்கும். மலை உயராமல் தரை பிளந்து பள்ளம் விழும். அப்படி விழுந்த பள்ளத்தில் மழையும் ஊற்றும் சேர்ந்து ஏரியானது. அதனால்தான் சுற்றிலும் சுவர் எழுப்பியதுபோல் செங்குத்தான சரிவு. பெரிய ஆறு எதுவும் உள்ளே வருவதில்லை, இயற்கையாக வெளியே போக வழியும் இல்லை. பரப்பு ஒன்றரைச் சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஆழம் 30 மீட்டருக்குச் சற்று மேல். பக்கத்திலிருக்கும் அல்பானோ ஏரியோடு பார்த்தால் இது குட்டி. அந்தச் சின்ன அளவுதான் எனக்குப் பிடிக்கும். எந்த இடத்தில் நின்றாலும் முழு ஏரியும் கண்ணுக்குள் அடங்கும்.

பனி விலகியதும் இறங்க ஆரம்பித்தேன். ஊருக்கும் தண்ணீருக்கும் இடையே 200 மீட்டர் இறக்கம். பாதையின் இருபுறமும் செஸ்ட்நட் மரங்கள். முள் உறைகள் வாய் பிளந்து கிடந்தன, உள்ளே இருந்த கொட்டைகளை யாரோ எனக்கு முன்னாலேயே பொறுக்கிவிட்டார்கள். ஒரே ஒரு உறைக்குள் மட்டும் மூன்று கொட்டைகள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தன. ஓரத்துக் கொட்டைகள் இரண்டும் வெளிப்பக்கம் உருண்டையாகவும் உள்பக்கம் தட்டையாகவும் இருந்தன. நடுவிலிருந்தது இரண்டு பக்கமும் நசுங்கி, மெலிந்து, நாணயம்போல் ஆகிவிட்டிருந்தது. முள் குத்தாமல் எடுக்கக் குச்சியால் நெம்ப வேண்டியிருந்தது. நடுக்கொட்டையை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மரத்தடி ஈரத்தில் வெளிர் ரோஜா நிறத்தில் காட்டு சைக்ளமன் பூக்கள், இலையே இல்லாமல் மண்ணிலிருந்து நேராக எழுந்து நின்றன. தோட்டங்களில் இலை முழுக்க உதிர்ந்த மரங்களில் பெர்சிமன் பழங்கள் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் தொங்கின. எங்கோ சருகு எரிக்கும் வாசனை.

கீழே இறங்கினால் வடகரையில் ஒரு சமவெளித் துண்டு. பசுமைக்குடில்கள், ஸ்ட்ராபெரிப் பாத்திகள். அவற்றுக்குப் பின்னால், மலைச்சுவரின் அடியில், டயானாவின் கோயில் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இன்று பெரிய மாடக்குழிகள் கொண்ட ஒரு தாங்குசுவரும், தரைமட்டத்துச் சுவர்களும், புல்லும்தான். 1885-இல் இங்கே தோண்டியவர் ரோமிலிருந்த பிரிட்டிஷ் தூதர் சவைல். அவருக்குக் கிடைத்தவை இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமுக்குப் போய்விட்டன. இன்னும் சில சிற்பங்கள் கோபன்ஹேகனில் இருக்கின்றன. இந்த மண்ணுக்கு மிஞ்சியது சுவர்தான்.

டயானா வேட்டைக்கும் நிலவுக்கும் தெய்வம், பிள்ளைப்பேற்றுக்கும் அவள்தான். பிள்ளை வேண்டியும், பிரசவம் நல்லபடியாக முடிய வேண்டியும் பெண்கள் இங்கே வந்தார்கள். சுடுமண்ணில் செய்த கருப்பை வடிவங்களும் குழந்தையை ஏந்திய தாய் உருவங்களும் தோண்டும்போது கிடைத்திருக்கின்றன. எல்லாம் நேர்த்திக்கடன். வேண்டுதல் பலித்த பெண்கள் தலையில் மாலை சூடி, கையில் தீப்பந்தம் ஏந்தி, ரோமிலிருந்து இந்தத் தோப்புக்கு வருவதை ரோமானியக் கவிஞர் ஓவிட் எழுதியிருக்கிறார். அவளுடைய திருநாள் ஆகஸ்ட் 13. அந்த இரவில் இந்தப் பள்ளத்தின் சரிவில் பந்தங்கள் வரிசையாக இறங்கி வருவதை நினைத்துப் பார்க்கிறேன். ஏரிக்கு 'டயானாவின் கண்ணாடி' என்றே பழைய பெயர் உண்டு. எல்லாப் பக்கமும் மலை மறைப்பதால் தண்ணீர் பெரும்பாலும் அசையாமல் கிடக்கும். நிலவு ஏறினால் முகம் பார்க்கலாம்.

ஆனால் இந்தத் தோப்பின் பூசாரி கதை வேறு மாதிரியானது. அவனுக்கு 'தோப்பின் அரசன்' என்று பெயர். ஓடிவந்த அடிமை ஒருவன்தான் அந்தப் பதவிக்கு வர முடியும். தோப்பிலிருந்த ஒரு குறிப்பிட்ட மரத்தின் கிளையை முறித்துவிட்டால், இருக்கும் பூசாரியோடு சண்டை போடும் உரிமை அவனுக்குக் கிடைக்கும். கொன்றால் இவன் பூசாரி. இன்னொருவன் வந்து இவனைக் கொல்லும் வரைக்கும்தான் அதுவும். உருவிய வாளோடு எப்போதும் சுற்றுமுற்றும் பார்த்தபடியே இருப்பான் என்று பழைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். 1890-இல் ஃப்ரேசர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இந்த ஒரு வழக்கத்தை விளக்கப் புறப்பட்டு, அது பல தொகுதிகள் கொண்ட ஆராய்ச்சியாக வளர்ந்து போனது. எனக்கு அந்த விளக்கங்களைவிட அந்த மனிதன்தான் மனதில் நிற்கிறான். எங்கோ ஒரு எசமானனிடமிருந்து தப்பி ஓடிவந்தவன். பிடிபட்டால் சித்திரவதை. இங்கே வந்தால் அரசன். ஆனால் தூங்க முடியாத அரசன்.

முந்தின இரவு மழை பெய்திருந்தது. ஓக் இலைகளும் செஸ்ட்நட் இலைகளும் நனைந்து தரையோடு ஒட்டிக் கிடந்தன. அவற்றின் மேல் நடந்தபோது ஒரு விஷயம் உறைத்தது: என் காலடிச் சத்தம் எனக்கே கேட்கவில்லை. ஒரு வாரத்துக்கு முன் வந்திருந்தால் சருகு நொறுங்கும் சத்தம் ஐம்பதடி தூரத்துக்குக் கேட்டிருக்கும். இலையுதிர்காலத்தின் காய்ந்த நாட்கள் அந்தப் பூசாரிக்குக் காவல். மழை பெய்த மறுநாள்தான் பயம். அந்த இடத்திலேயே நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. ஆனாலும் நெஞ்சு படபடத்தது உண்மை.

ஏரியை வலப்பக்கம் வைத்துக்கொண்டு கிழக்குக் கரையாக நடந்தேன். இந்தப் பக்கம் காடு தண்ணீர் வரை இறங்குகிறது. நாணல் ஓரத்தில் நாமக்கோழிகள், வெள்ளை நெற்றியோடு, பத்துப் பதினைந்து. ஒரு முக்குளிப்பான் மூழ்கி, நான் எண்ணிப் பார்த்து முப்பதைத் தாண்டிய பிறகு, நினைக்காத இடத்தில் தலை தூக்கியது. தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், 'மீன் ஒன்றும் கடிக்கவில்லை, ஆனால் வீட்டில் இருப்பதைவிட இது பரவாயில்லை' என்றார். கொஞ்ச நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கொண்டுவந்த ரொட்டியைத் தின்றேன். தெற்குக் கரையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சேறு, குறுகலான தடம், விழுந்து கிடந்த ஒரு மரம்.

மேற்குக் கரையில்தான் நான் பார்க்க விரும்பிய இடம் இருந்தது. மலைச்சுவரில் ஒரு துவாரம். கம்பிக் கதவு போட்டிருந்தார்கள். கதவுக்குப் பின்னால் கல் அடுக்கிய சிறு அறைகள், அப்புறம் இருட்டு. இது ஏரியின் வடிகால் சுரங்கம். இயற்கை வழி விடாத ஏரி, மழைக்காலத்தில் ஏறிக் கோயிலையும் வயலையும் மூழ்கடிக்கும். அதற்காகக் கிறிஸ்துவுக்கு நானூறு, ஐந்நூறு வருடம் முன்பே மலையைக் குடைந்து 1,600 மீட்டருக்கு மேல் நீளமான ஒரு கால்வாயை வெட்டி, தண்ணீரை அந்தப் பக்கம் அரிச்சா பள்ளத்தாக்குக்கு விட்டிருக்கிறார்கள். இரண்டு முனையிலிருந்தும் ஒரே நேரத்தில் தோண்டி, மலையின் வயிற்றுக்குள் ஒருவரையொருவர் சந்தித்திருக்கிறார்கள். சந்தித்த இடத்தில் சிறிய விலகல், அவ்வளவுதான். விளக்குப் புகையில், ஒரு ஆள் குனிந்து நிற்கும் இடத்தில், உளியும் சுத்தியலும் மட்டும் வைத்துக்கொண்டு! கம்பி வழியாகக் கையை நீட்டினேன். உள்ளேயிருந்து வந்த காற்று வெளிக்காற்றைவிடச் சில்லென்று இருந்தது. பக்கச் சுவரில் உளி விழுந்த தடங்கள் விரலில் தட்டின. சாய்வாக, ஒன்றன் கீழ் ஒன்றாக, விரல்கடை இடைவெளியில். அடித்தவன் கை மாறாத சீரான அடிகள்.

இந்தச் சுரங்கம்தான் 2,000 வருடங்களுக்கும் மேலான பிறகு ரோமானியப் பேரரசன் காலிகுலாவின் கப்பல்களை வெளியே கொண்டுவந்தது.

காலிகுலா ஆண்டது நான்கே வருடம், கி.பி. 37 முதல் 41 வரை. அந்த நான்கு வருடத்துக்குள் இந்தக் குட்டி ஏரியில் இரண்டு பெரிய கப்பல்களைக் கட்டினான். ஒன்று 71 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். இன்னொன்று 73 மீட்டர் நீளம், 24 மீட்டர் அகலம். ஏரியில் எங்கே போவதற்கு இவ்வளவு பெரிய கப்பல்? எங்கேயும் போவதற்கில்லை, மிதக்கும் மாளிகைகள் இவை. பளிங்குத் தரை, மொசைக், வெண்கலத்தில் ஓநாய், சிங்க முகங்கள், தண்ணீர்க் குழாய்கள். ஈயக் குழாய்களில் அவன் பெயரே பொறித்திருக்கிறது. அதனால்தான் யார் கட்டியது என்ற சந்தேகம் தீர்ந்தது. தோப்பின் பூசாரி வெகுகாலம் சாகாமல் இருந்துவிட்டான் என்று பொறுக்காமல், அவனைவிட வலுவான ஒருவனை ஏவிவிட்டவனும் இதே காலிகுலாதான் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதுகிறார். கி.பி. 41 ஜனவரியில் காலிகுலாவையே வெட்டிக் கொன்றார்கள். கப்பல்கள் ஏரியின் அடிக்குப் போயின.

அடியில் ஏதோ இருக்கிறது என்று மீனவர்களுக்கு எப்போதும் தெரியும். 1446-இல் ஆல்பெர்ட்டி என்ற கட்டடக் கலைஞர், ஜெனோவாவிலிருந்து முக்குளிப்பவர்களை வரவழைத்துக் கொக்கி மாட்டி இழுத்தார். ஒரு துண்டுதான் பிய்ந்து வந்தது. 1535-இல் டி மார்கி என்பவர் கண்ணாடி ஜன்னல் வைத்த மரக்கூட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு இறங்கிப் பார்த்தார். 1895-இல் வந்தவர்கள் வெண்கலங்களைக் கழற்றியதோடு நிற்காமல் மரங்களையும் பிடுங்கிக் கரையில் போட்டார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். இத்தனை வருடம் பத்திரமாக இருந்ததை இப்படியா.

கடைசியில் கப்பலைத் தூக்குவதற்குப் பதில் ஏரியையே இறக்கிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். அதுவும் ஒரு இலையுதிர்காலம்தான், 1928 அக்டோபர் 20. முசோலினி வந்து மின்சார பம்புகளை முடுக்கிவைத்தார். தன் ஆட்சியைப் பழைய ரோமின் வாரிசாகக் காட்டிக்கொள்ள அவருக்கு இது வசதியாக இருந்தது. அந்த நோக்கம் எனக்கு உவப்பில்லை. ஆனால் வேலையைச் செய்த பொறியாளர்கள்மேல், முன்னின்று நடத்திய குய்தோ உச்செல்லிமேல், மிகுந்த மரியாதை உண்டு. பழைய சுரங்கத்தைத் துப்புரவு செய்து, பம்ப் செய்த தண்ணீரை அதன் வழியாகவே வெளியேற்றினார்கள். 1929 மார்ச் 28 அன்று முதல் கப்பலின் மரம் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. 1931 ஆகஸ்டில் ஏரியின் அடித்தரை பொறுக்க முடியாமல் பொங்கியது. மேலே அழுத்திக்கொண்டிருந்த நீரின் எடை போனதால் அடியிலிருந்து சேறு பீறிட்டது, ஒரு பகுதி தரையே அமிழ்ந்தது. வேலை நின்றது, தண்ணீர் மறுபடி ஏறியது. அப்புறம் 1932-இல் ஒருவழியாக இரண்டாவது கப்பலையும் கரையேற்றினார்கள். மொத்தத்தில் ஏரி 20 மீட்டருக்கு மேல் இறங்கியிருந்தது.

கரையேறியவற்றைப் பார்த்துக் கப்பல் கட்டுபவர்கள் திகைத்துப் போனார்கள். பலகைகளைத் துளையும் முளையுமாக இழைத்து இணைத்து, வெளியே ஈயத் தகடு போர்த்தியிருந்தார்கள். நங்கூரம் ஒன்றின் குறுக்குத்தண்டு கழற்றி மாட்டக் கூடியது. 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் கடற்படை கண்டுபிடித்ததாக நினைத்த அதே அமைப்பு. வெண்கல உருண்டைகள்மேல் சுழலும் ஒரு மேடை இருந்தது, இன்றைய பால் பேரிங்குக்கு மூத்த உறவு. இத்தனையும் கெடாமல் காத்தது இந்த ஏரிதான். நன்னீரில் கடலின் மரம் தின்னும் புழு கிடையாது, சேற்றுக்குள் காற்று போகாது. 1,800 வருடங்களுக்கு மேல், ஒரு ஆணி விடாமல் வைத்திருந்தது.

நான் வடகரைக்குத் திரும்பியபோது மூன்றரை மணி. வெயில் ஜென்சானோ விளிம்புக்குப் பின்னால் இறங்கியதும் பள்ளம் முழுக்க ஒரே நேரத்தில் நிழல் விழுந்தது. மேலே நேமி ஊரின் கோட்டைக் கோபுரத்தில் மட்டும் வெளிச்சம். ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கரையோரம் இருக்கும் அருங்காட்சியகத்துக்குள் போனேன். கப்பலுக்கு ஒன்றாக இரண்டு நீண்ட கூடங்கள். கப்பல்களை உள்ளே இழுத்து வைத்த பிறகுதான் ஏரிப் பக்கச் சுவரையே கட்டி மூடினார்கள். 1940-இல் திறந்தார்கள்.

1944 மே 31 இரவு இந்தக் கூடங்கள் எரிந்தன. பக்கத்தில் ஜெர்மானியப் பீரங்கிகள் நின்றிருந்தன, நேசப் படைகளின் குண்டுகளும் அன்று மாலை இங்கே விழுந்தன. பின்வாங்கிய ஜெர்மானியர்கள் கொளுத்தினார்களா, குண்டு பட்டுப் பற்றியதா என்று இன்றும் வாதம் நடக்கிறது. விடியும்போது இரண்டு கப்பலும் சாம்பல். நான்கே நாள் கழித்து, ஜூன் 4 அன்று, நேசப் படைகள் ரோமுக்குள் நுழைந்துவிட்டன. நான்கு நாள்! அந்தத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஆறவே இல்லை.

முதல் கப்பல் தண்ணீருக்கு வெளியே இருந்தது பதினைந்தே வருடம்.

முன்னமே ரோமுக்குக் கொண்டுபோயிருந்ததால் வெண்கலச் சிற்பங்கள் பிழைத்தன. இங்கே இப்போது இருப்பவை ஐந்தில் ஒரு பங்கு அளவிலான மாதிரிகள், சில குழாய்கள், ஆணிகள், ஓடுகள். கூடத்துக்குள்ளேயே கோயிலுக்குப் போன பழைய ரோமானியச் சாலையின் ஒரு துண்டு, கருங்கல் பாவியபடி கிடக்கிறது. கப்பலின் மொசைக் தரைத் துண்டு ஒன்றும் இருக்கிறது, பச்சையும் ஊதாவும் வெள்ளையும் கலந்த கல் கோலம். அது எப்படியோ கடல் கடந்து, நியூயார்க்கில் ஒரு வீட்டில் காப்பி மேசையாகப் பல வருடம் இருந்திருக்கிறது. பறிமுதல் செய்து, 2021-இல் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். மேசை விளிம்புக்காகப் போட்ட சட்டம் இன்னும் அதைச் சுற்றி இருக்கிறது. அதன் முன்னால் நான் வெகுநேரம் நின்றேன். கப்பலின் தரையில் பதிந்திருந்த கல், அதன் மேல் யாரோ கோப்பையை வைத்து எடுத்த கல்.

மாதிரிக் கப்பல் அழகாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் அதைச் சுற்றி இருக்கும் வெற்றிடத்தைத்தான் கண் தேடுகிறது. கூரை அவ்வளவு உயரம், அந்த உயரத்துக்கு உள்ளே எதுவும் இல்லை. 71 மீட்டர் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. கூடத்தின் உள்முனையிலிருந்து எண்ணிக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். முப்பதாவது எட்டில் மாதிரிக் கப்பல் பின்னால் போய்விட்டது. அறுபதில் சுவரோரம் ஈயக் குழாய். சட்டைப் பைக்குள் அந்தத் தட்டைக் கொட்டை விரலில் பட்டுக்கொண்டே இருந்தது. என் நடையில் நூறு எட்டு. நூறாவது எட்டில் நின்றபோது எதிரே பெரிய கண்ணாடி, கண்ணாடிக்கு வெளியே புல், புல்லுக்கு அப்பால் ஏரி. பக்கத்துக் கூடத்தில் காவலாளி விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார். இந்தப் பக்கம் வர இன்னும் ஒரு நிமிடம் இருந்தது. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.